பைக்கின் பிரேக் விளக்கிலும் பின்விளக்கிலும் பழுதைக் கண்டறியும் முறை

பிரேக் விளக்கு எரியவில்லை என்றதும் பல்பை மாற்றுவது, அப்படியும் எரியாவிட்டால் சுவிட்சை மாற்றுவது, அதற்கும் மசியாவிட்டால் வயரிங் முழுவதையும் பிரித்துப் போடுவது என்பதுதான் பலரும் பின்பற்றும் வரிசை. இப்படிச் செய்து சில நேரம் பழுது நீங்கிவிடுவதும் உண்டு. ஆனால் பல்பைத் தாங்கும் ஹோல்டருக்குள் களிம்பு பிடித்திருந்த ஒரு சிறு தகடுதான் காரணம் என்பது, புது பல்பும் புதுச் சுவிட்சும் வாங்கிய பிறகே தெரியவரும் சந்தர்ப்பங்கள் ஏராளம். பைக்கில் உள்ள மின்சுற்றுகளில் பின்விளக்குச் சுற்று மிக எளிய ஒன்று. எது எரிகிறது, எது எரியவில்லை, எந்தப் பிரேக்கைப் பிடித்தால் எரிகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மின்சாரம் போகும் வழி

இழை பல்பு பொருத்திய பைக்குகளில் பின்விளக்கு, பிரேக் விளக்கு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பல்புதான். 12 வோல்ட், 21/5 வாட் என்று அதன் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். விளக்குப் போட்டிருக்கும் நேரமெல்லாம் எரிவது 5 வாட் இழை; பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிவது 21 வாட் இழை. இரண்டு இழைகளின் ஒரு முனை பல்பின் பித்தளை உறையோடு சேர்ந்திருக்கும். மறுமுனைகள் பல்பின் அடியிலுள்ள இரண்டு ஈயப் பொட்டுகளில் தனித்தனியாக முடியும். எனவே ஹோல்டருக்கு மூன்று வயர்கள் வருகின்றன: பின்விளக்குக்கு ஒன்று, பிரேக் விளக்குக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் வழி) ஒன்று. விசித்திரமாகத் தோன்றும் பழுதுகளில் பெரும்பங்கு இந்த மூன்றாவது வயரிலிருந்துதான் வருகிறது என்பதால், அதற்குப் பின்னால் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சாவி சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து வரும் மின்சாரம், முன் பிரேக் லீவரில் உள்ள சுவிட்சுக்கும் பின் பிரேக் மிதியருகே உள்ள சுவிட்சுக்கும் பிரிந்து செல்கிறது. இரண்டு சுவிட்சுகளின் மறுபக்க வயர்களும் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வயராக வண்டியின் பின்பக்கம் போகின்றன. இரண்டில் எந்த ஒன்று மூடினாலும் விளக்கு எரிவதற்கு இந்த அமைப்பே காரணம். பழுதைப் பிரித்தறிய நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வசதியும் இதுவே.

வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யும்போது எச்சரிக்கை தேவை. ஹோண்டா பைக்குகளில் பொதுவாகப் பழுப்பு வயர் பின்விளக்குக்கும், மஞ்சள் கோடு போட்ட பச்சை வயர் பிரேக் விளக்குக்கும், முழுப் பச்சை எர்த்துக்கும் உரியவை. சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர் கறுப்பு. யமஹாவிலோ கறுப்பு வயர்தான் எர்த். ஒரு நிறுவனத்து வண்டியில் பழகிய கையோடு இன்னொரு நிறுவனத்து வண்டியில் கறுப்பு வயரை வண்டியின் உலோகச் சட்டமான சேசிஸோடு சேர்த்தால் ஃபியூஸ் போய்விடும். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றிலும் சில சிறிய பைக்குகளிலும் முகப்பு விளக்கும் பின்விளக்கும் பேட்டரியைத் தொடாமல், எஞ்சினில் உள்ள மேக்னெட் காயிலிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறுகின்றன. அவற்றில் எஞ்சின் ஓடினால்தான் பின்விளக்கு எரியும். வெறும் சாவியைப் போட்டுவிட்டு எரியவில்லையே என்று தேடுவது வீண். பிரேக் விளக்கு அத்தகைய வண்டிகளிலும் வழக்கமாகப் பேட்டரியிலிருந்தே இயங்கும்.

கருவி எடுப்பதற்கு முன்

மாலை மங்கிய பிறகு வண்டியின் பின்பக்கம் ஒரு சுவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்திக்கொண்டால், உதவிக்கு ஆள் இல்லாமலே சோதித்துவிடலாம். விளக்கைப் போட்டு, சுவரில் சிவப்பு ஒளி விழுகிறதா என்று பார்க்கவும். பிறகு முன் பிரேக்கை மட்டும் பிடித்து விடவும். அடுத்துப் பின் பிரேக்கை மட்டும் மிதித்து விடவும். ஒவ்வொரு முறையும் ஒளி தெளிவாகக் கூடிக் குறைய வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டபடி இதே சோதனையை இன்னொரு முறை செய்யவும். இவை அனைத்தும் ஓரிரு நிமிட வேலைதான்.

ஒரு பிரேக்குக்கு எரிந்து மற்றொன்றுக்கு எரியவில்லை என்றால், பல்பு, ஹோல்டர், எர்த், பின்பக்கம் போகும் வயர் ஆகிய அனைத்தும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். எரியாத பிரேக்கின் சுவிட்சையும் அதற்குப் போகும் இரண்டு வயர்களையும் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை. இரண்டு பிரேக்குக்கும் எரியாமல் பின்விளக்கு மட்டும் எரிந்தால், இரண்டு சுவிட்சுகளும் ஒரே நாளில் கெடுவது அரிது என்பதால், 21 வாட் இழை, அதற்குரிய ஹோல்டர் தகடு, பொதுவான பிரேக் வயர், சுவிட்சுகளுக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஹாரனும் இண்டிகேட்டரும் அதே ஃபியூஸிலிருந்துதான் இயங்குகின்றன; உங்கள் வண்டியிலும் அப்படியே இருந்து, ஹாரன் ஒலித்தால் ஃபியூஸைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பிரேக் விளக்கு எரிந்து பின்விளக்கு எரியாவிட்டால் 5 வாட் இழையையும் அதன் வயரையும் பார்க்கவும். மீட்டரின் உள்விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் பெரும்பாலும் இதே வயரிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அவையும் சேர்ந்து அணைந்திருந்தால் பழுது பல்பில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. இரண்டுமே எரியவில்லை என்றால் எர்த், சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி), ஹோல்டர் ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. பிரேக் பிடிக்கும்போது பின்விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ, அல்லது இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்தாலோ, வேறெங்கும் தேடாமல் நேராக எர்த்துக்குப் போய்விடலாம்.

பல்பு

பல்பைக் கழற்ற, லென்ஸைத் திறந்து, பல்பை உள்நோக்கி அழுத்தி இடப்பக்கம் திருப்பி வெளியே இழுக்க வேண்டும். சற்று முன்பு வரை எரிந்திருந்தால் கையைச் சுடும். கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால் இழை தேய்ந்துவிட்டது. வெண்ணிறப் பொடி படிந்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. இரண்டிலும் பல்பு பயனற்றதே. இழை அறுந்திருப்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியாது; அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி நின்று, வண்டி குலுங்கும்போது மட்டும் விலகுவதும் உண்டு. வீட்டில் எரிந்து சாலையில் எரியாத பிரேக் விளக்குகளில் சிலவற்றுக்கு இதுவே காரணம். பல்பை விரலால் மெல்லச் சுண்டியபடி மல்டிமீட்டரில் பார்த்தால் இது பிடிபடும்.

மல்டிமீட்டரில் ஓம் அளவை வைத்துப் பார்க்கும்போது ஒரு குழப்பம் நேரலாம். 12 வோல்ட்டில் 21 வாட் என்றால் கணக்குப்படி மின்தடை ஏறத்தாழ 7 ஓம் வர வேண்டும். ஆனால் குளிர்ந்த இழையில் 1 ஓம்முக்கும் குறைவாகவே காட்டும். 5 வாட் இழைக்குக் கணக்கு ஏறத்தாழ 29 ஓம் என்றாலும், மீட்டர் சில ஓம்களையே காட்டும். டங்ஸ்டன் சூடேறும்போது அதன் தடை பல மடங்கு கூடுவதால் வரும் வேறுபாடு இது. ஷார்ட் (மின்சாரம் இழையைச் சுற்றாமல் குறுக்கே போவது) ஆகிவிட்டது என்று எண்ணி நல்ல பல்பை எறிந்துவிட வேண்டாம்.

புது பல்பைப் பொருத்தும்போது பக்கவாட்டிலுள்ள இரண்டு ஊசிகளையும் கவனிக்கவும். ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று கீழேயும் இருக்கும். இரண்டு இழைகளும் இடம் மாறிவிடாமல் ஒரே திசையில்தான் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தேய்ந்த ஹோல்டரில் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தலைகீழாகவும் ஏறிவிடும். அப்போது பின்விளக்கு கண்ணைக் கூசும்படி எரியும். பிரேக் பிடித்தால் வேறுபாடே தெரியாது. ஒரே இழையுள்ள 21 வாட் பல்பை இரட்டை இழை ஹோல்டரில் திணிப்பது இதைவிட மோசம். அதன் அடியிலுள்ள ஒற்றைப் பொட்டு இரண்டு தகடுகளையும் இணைத்துவிடுவதால், பிரேக் பிடித்ததும் மீட்டர் விளக்குகள் சேர்ந்து எரிவது போன்ற வேடிக்கைகள் தொடங்கும்.

பல்பு அடிக்கடி போகிறது என்றால் பல்பின் தரத்தைக் குறைசொல்வதற்கு முன் பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜை அளந்து பார்க்கவும். எஞ்சின் நிற்கும்போது நன்கு சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், எஞ்சினை ஓரளவு முறுக்கும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால், வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. வோல்ட்டேஜ் 5 விழுக்காடு கூடினாலே இழை பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும், பேட்டரியும் வெந்துபோகும். வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் பல்பு நிலைக்கவில்லை என்றால், விளக்குப் பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை விழுந்துவிட்டால் வண்டியின் அதிர்வு முழுவதும் இழையின் மேல்தான் இறங்கும்.

ஹோல்டர்

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் அடுத்து ஹோல்டருக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். மழைநீரும் வண்டி கழுவும் நீரும் லென்ஸின் கேஸ்கெட் வழியாகக் கசிந்து, பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பாகவும், அவற்றுக்குப் பின்னுள்ள சிறு ஸ்பிரிங்கில் துருவாகவும் மாறியிருக்கும். தகட்டை ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பார்த்தால் உள்ளே போய்த் துள்ளி மீண்டு வர வேண்டும். அமுங்கியபடியே நின்றுவிட்டால் ஸ்பிரிங் துருவேறி இறுகிவிட்டது. பல்பின் ஈயப் பொட்டுகளையும் பார்க்கவும். நீண்ட நாள் அதிர்வில் அவை பள்ளம் விழுந்தோ தட்டையாகியோ இருந்தால், தகட்டைத் தொட்டும் தொடாமலும் நின்று, அந்த இடம் சூடேறி மேலும் கருகும்.

சுத்தம் செய்யும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடவும். மெல்லிய உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி, தகடுகளையும் ஹோல்டரின் உட்சுவரையும் பித்தளை பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, கான்டாக்ட் கிளீனரை அடித்து உலர விடவும். உட்சுவரைத் தேய்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். எர்த் கிடைப்பதே அந்தச் சுவரின் வழியாகத்தான். கடைசியாக டைஎலக்ட்ரிக் கிரீஸைச் சிறிதளவு தடவலாம். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் புகாமல் காப்பதே அதன் வேலை. எனவே மெல்லிய படலம் போதும், அப்பிவிட வேண்டாம். பித்தளை அடிப்பாகம் இல்லாமல் கண்ணாடியே ஹோல்டருக்குள் செருகும் வகைப் பல்பு இருந்தால், பிடிமானத் தகடுகள் சூட்டில் தளர்ந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்த்து, சிறிய கொறடால் லேசாக நெருக்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுவதுதான் முறை.

எர்த்

பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைகிறது, விட்டால் மீண்டும் எரிகிறது என்ற புகார் கேட்பவருக்கு நம்ப முடியாததாக இருக்கும். இதன் காரணம் ஒருமுறை விளங்கிவிட்டால் எர்த் பழுது எந்த வேடத்தில் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

எர்த் வயர் அறுந்த நிலையில் பின்விளக்கு அணைந்திருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால், மின்சாரம் 21 வாட் இழை வழியாகப் பல்பின் உறைக்கு வருகிறது. அங்கிருந்து எர்த்துக்குப் போக வழியில்லாததால், அது 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பின்விளக்கு வயர் வழியே திரும்பிச் சென்று, மீட்டர் விளக்கின் வழியாக எர்த்தை அடைகிறது. பிரேக் விளக்கு எரியாமல் மீட்டர் விளக்கு மங்கலாக எரிவது இதனால்தான். எர்த் முழுவதும் அறுபடாமல் களிம்பால் நலிந்து மட்டும் இருந்தால் கதை வேறு விதமாகப் போகும். பின்விளக்கின் சிறிய மின்னோட்டம், அதாவது 0.4 ஆம்பியர் அளவு, அந்த நலிந்த இணைப்பின் வழியாக எப்படியோ போய்விடும். பிரேக் பிடித்ததும் மேலும் 1.75 ஆம்பியர் அதே வழியில் போக முயலும்போது, பல்பின் உறையிலேயே பல வோல்ட் தேங்கிவிடுகிறது. 5 வாட் இழையின் இரு முனைகளுக்கும் இடையே போதிய வேறுபாடு இல்லாமல் போவதால் அது அணைகிறது. அதே எர்த்தைப் பின் இண்டிகேட்டர்களும் பகிர்ந்துகொண்டால், அவையும் இந்தக் கூத்தில் சேர்ந்துகொள்ளும்.

இதை உறுதி செய்ய ஒரு துண்டு வயர் போதும். பிரேக்கைப் பிடித்த நிலையில், பல்பின் பித்தளை உறையையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் அந்த வயரால் இணைக்கவும். விளக்கு உடனே பிரகாசமானால் எர்த்தான் குற்றவாளி. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்: விளக்கு எரியும்போதே உறைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட்டேஜை அளந்தால், நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டைத் தாண்டாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது. இதே முறையில் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹோல்டரின் பிரேக் தகட்டுக்கும் இடையே அளந்து, பேட்டரியிலிருந்து பல்பு வரை வரும் வழியில் எவ்வளவு வீணாகிறது என்றும் பார்க்கலாம். இந்த இழப்புகள் சிறியவையாகத் தோன்றினாலும் வெளிச்சத்தில் அவற்றின் விளைவு பெரிது. இழை பல்புக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. 20 விழுக்காடு குறைந்தால் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகச் சொற்பமானது என்பதால், ஒரே ஒரு செப்பு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் அதற்கு 12 வோல்ட் காட்டும். சுமை ஏறும்போதுதான் வேடம் கலையும். பல்பு எரியும் நிலையில் அளப்பதோ, சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பதோதான் நம்பத்தகுந்தது. எர்த் வயர் சேசிஸில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தால், போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகும்படி சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கவும். பின்பக்க மட்கார்டு பிளாஸ்டிக்காக உள்ள வண்டிகளில் சேசிஸ் வழியாக எர்த் கிடைக்காது. வயர் மட்டுமே வழி என்பதால் கப்ளரில் உள்ள அதன் பின்னைப் பார்க்க வேண்டும்.

சுவிட்சுகள்

முன் பிரேக் லீவருக்கு அடியிலுள்ள சுவிட்ச் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. அதிலுள்ள குமிழை, பிரேக் பிடிக்காதபோது லீவர் அழுத்திக்கொண்டிருக்கும்; பிடித்ததும் குமிழ் வெளியே வந்து சுற்று மூடும். தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்தால் குமிழ் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கான்டாக்ட் கிளீனரை அடித்துப் பல முறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். லீவரை அண்மையில் மாற்றியிருந்தால், புது லீவரின் வடிவம் குமிழைச் சரியாக அழுத்துகிறதா என்று பார்க்கவும். சரியாக அழுத்தாவிட்டால் பிரேக் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்.

எளிய வயரிங் உள்ள வண்டிகளில், சுவிட்சிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் சுவிட்ச் கெட்டது. எரியாவிட்டால் சுவிட்ச் நல்லது அல்லது அது மட்டுமே காரணமில்லை. ஏபிஎஸ் அல்லது எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு பிரேக் சிக்னல் போகும் வண்டிகளில் இப்படி இணைக்க வேண்டாம். சுவிட்சைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் தொடர்ச்சி (மின்சாரம் தடையின்றிக் கடக்கிறதா என்று) பார்ப்பதே பாதுகாப்பு. பல ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யும். ஸ்டார்ட்டரில் பழுது என்று பிரித்துப் போட்ட பிறகு, பிரேக் சுவிட்ச்தான் காரணம் என்று தெரிவது பணிமனைகளில் புதிதன்று.

பின் பிரேக் சுவிட்சை மிதியோடு ஒரு மெல்லிய ஸ்பிரிங் இணைத்திருக்கும். ஸ்பிரிங் அறுந்தாலோ கொக்கியிலிருந்து நழுவினாலோ விளக்கு எரியாது. வண்டியின் அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும். சுவிட்சின் உடலில் திருகுமரை வெட்டியிருக்கும். அதிலுள்ள நட்டைத் திருப்பினால் சுவிட்ச் மேலேயோ கீழேயோ நகரும். உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடல் சேர்ந்து சுற்றினால் வயர்கள் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரியும்படி நிறுத்த வேண்டும். டிரம் பிரேக் வண்டியில் முதலில் மிதியின் விளையாட்டு இடைவெளியை, அதாவது பிரேக் பிடிக்கும் முன் மிதி சும்மா இறங்கும் தூரத்தை, கையேட்டில் சொல்லியபடி (பல வண்டிகளில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர்) சரிசெய்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் சுவிட்ச் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

பிரேக் ஆயில் குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள பாஞ்சோ போல்ட்டிலேயே பொருத்திய அழுத்தச் சுவிட்சும் சில வண்டிகளில் உண்டு. அது கெடத் தொடங்கும்போது, மெல்லப் பிடித்தால் எரியாமல் ஓங்கி மிதித்தால் மட்டும் எரியும். மாற்றுவது எளிது என்றாலும், கழற்றியதும் பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று நீக்கத் தெரியாதவர் இதில் கை வைக்கக் கூடாது.

வயரும் ஃபியூஸும்

வயர் அறுவது பெரும்பாலும் அது அசையும் அல்லது நசுங்கும் இடங்களில்தான்: ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதி, சீட்டின் அடிப்பாகம், பின் மட்கார்டின் உட்புறம். வெளி உறை முழுதாக இருக்க, உள்ளே செப்பு மட்டும் அறுந்திருப்பது வழக்கம். சந்தேகமான இடத்தை இரு கைகளாலும் மெல்ல இழுத்தால், செப்பு இல்லாத இடம் ரப்பர் போல நீளும். பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, வயர் கட்டை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். அலாரம், கூடுதல் விளக்கு, பிரேக் விளக்கைத் துடிக்க வைக்கும் கருவி என்று எதையாவது பிற்பாடு இணைத்திருந்தால், வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புள்ள அந்த இணைப்பைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

பிரேக் பிடித்த கணமே ஃபியூஸ் போனால், சுவிட்சுக்கும் பல்புக்கும் இடைப்பட்ட வயர் எங்கோ சேசிஸைத் தொடுகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எரித்துத் தேடாமல், ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இரு முனைகளிலும் இணைத்து, ஹோல்டரிலுள்ள பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஃபியூஸில் உள்ள மற்றவற்றை அணைத்துவிட்டுப் பிரேக்கைப் பிடியுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அந்தப் பல்பு பிரகாசமாக எரியும். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரை இடம் மாற்றி அசைத்துக்கொண்டே வந்தால், எங்கே அது அணைகிறதோ அங்கே பழுது. ஃபியூஸுக்குப் பதில் செப்பு வயரையோ ஈயத் தாளையோ வைப்பதும், 10 ஆம்பியருக்குப் பதில் 20 ஆம்பியர் போடுவதும் வயரிங் முழுவதையும் எரித்துவிடும்.

எல்இடி விளக்குகள்

விளக்கே எல்இடியாக வந்த வண்டிகளில் கப்ளரில் சோதிப்பதோடு வேலை முடிந்துவிடும். விளக்கை இணைத்த நிலையில், பிரேக் பிடிக்கும்போது அதன் வயரில் பேட்டரி வோல்ட்டேஜ் வந்து, எர்த்தும் நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் விளக்குத் தொகுதியை மாற்ற வேண்டியதுதான். எல்இடிகள் சிறு குழுக்களாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று போனால் அதன் குழு முழுவதும் அணையும். மூன்று நான்கு புள்ளிகள் ஒன்றாக இருண்டிருப்பதற்குக் காரணம் அதுவே. பிரேக் பிடிக்காதபோதும் எல்இடி மிக மங்கலாக மினுங்கினால் சுவிட்சுக்குள் ஈரம் இருக்கலாம். சில மில்லிஆம்பியர் கசிவு இழை பல்பை எரியவைக்காது, எல்இடிக்கு அதுவே போதும்.

இழை பல்பின் இடத்தில் எல்இடி பல்பைப் போட விரும்புவோர் சிவப்பு லென்ஸுக்குள் சிவப்பு எல்இடியையே போட வேண்டும். வெள்ளை எல்இடி சிவப்பு லென்ஸ் வழியாக வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும். பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் இடையே ஒளி வேறுபாடு தெளிவாக இருக்கிறதா என்று பகல் வெயிலில் பார்த்துவிட்டே ஏற்க வேண்டும். மலிவான பல்புகளில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. எல்லா நாட்டுச் சட்டமும் இத்தகைய மாற்றத்தை அனுமதிப்பதில்லை. தரமானது கிடைத்தால் பலன் உண்டு: இழை பல்பு முழு ஒளியை எட்ட ஏறத்தாழ 0.2 விநாடி எடுக்கிறது, எல்இடி கிட்டத்தட்ட உடனே எரிகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் வாகனம் அந்த 0.2 விநாடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும்.

வழியில் பின்விளக்கு இழை போய்விட்டால், பின் பிரேக் சுவிட்சின் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிப் பிரேக் விளக்கையே எரியவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இருட்டில் வண்டி இருப்பது தெரியும் என்பது உண்மைதான். நிற்கப் போவது யாருக்கும் தெரியாது. நீண்ட நேரம் எரிந்தால் சிறிய பெட்டிக்குள் 21 வாட் சூட்டில் லென்ஸ் இளகவும் கூடும். பல்பு ஒன்றைக் கருவிப் பையில் துணியில் சுற்றி வைத்திருப்பது இதைவிட எளிது.

எல்லாம் முடிந்து மூடும்போது, கேஸ்கெட் கிழிந்திருந்தால் மாற்றி, பெட்டியின் நீர்வடியும் துளை கீழ்நோக்கி இருப்பதையும் அடைபடாமல் இருப்பதையும் பார்த்து, லென்ஸ் திருகுகளை அளவாக இறுக்கவும். கூடுதலாக இறுக்கினால் லென்ஸ் விரிசல் விட்டு, மறுபடியும் அதே வழியில் நீர் இறங்கும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கு, இண்டிகேட்டர் இரண்டையும் போட்ட நிலையில், ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பி ஒவ்வொரு பக்கத்திலும் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து, சுவரில் விழும் ஒளி கூடிக் குறைவதைச் சரிபார்க்கவும்.